சட்டமன்ற உறுப்பினரின் வாக்குகளுக்கு மதிப்பெண் அட்டை: அதில் அரசியல் சாசனம் எவ்வளவு, கட்சி எவ்வளவு?

கேள்வி: நாசுவாவாசி

அனைவருக்கும் வணக்கம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாசுவா நகரில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்று இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. மாநிலச் சட்டமன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு இப்போதுதான் என் கைக்கு வந்திருக்கிறது. வாஷிங்டனில் நடப்பதை அறிய ஆயிரம் வழிகள் உண்டு. கான்கார்டில் கூடும் எங்கள் சட்டமன்றத்தில் யார் எதற்கு வாக்களித்தார் என்பதையோ நானாகத் தேடிப் போனால்தான் அறிய முடிகிறது.

இந்நிலையில் சென்ற மாதம் தபாலில் ஓர் அட்டை வந்தது. எங்கள் வட்டாரப் பிரதிநிதிகளின் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு விழுக்காடும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. அரசியல் சாசனத்துக்கும், அரசு தன் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்ற கொள்கைக்கும் இவர்கள் எவ்வளவு உண்மையாக வாக்களித்தார்கள் என்பதை அந்த எண் காட்டுவதாகத் தலைப்பில் எழுதியிருந்தது. பன்னிரண்டு வாக்கெடுப்புகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு 92 விழுக்காடு, இன்னொருவருக்கு 33. அந்த 33 பெற்ற அம்மையார், நூலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் சொத்து வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பொறுமையாக விளக்கியவர். அவரை நான் மதிக்கிறேன். அவர் சாசனத்தை மதிக்காதவர் என்று ஓர் அட்டை சொன்னால் அதை நம்புவதா, தள்ளுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

குடியுரிமை ஏற்கும் நாளில், அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று கை உயர்த்திச் சொன்னவன் நான். அந்தச் சொல்லை எவரேனும் தேர்தல் விளம்பரத்துக்காக மட்டும் எடுத்தாண்டால் என்னால் அதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அட்டை சொல்வது உண்மையாக இருந்தால், அதையும் நான் அறிந்தே ஆக வேண்டும். இந்த வாக்குகளைத் தேர்ந்தெடுப்பது யார்? ஒரு வாக்கு சாசனத்துக்கு ஏற்றது, ஏற்காதது என்று எந்த அளவுகோலால் தீர்மானிக்கிறார்கள்? என்னைப் போன்ற ஒரு சாதாரண வாக்காளர் இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பார்வையாளர் மாடம்

நாசுவாவாசி ஐயாவுக்கு வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு, அவை கூடும் நாள்களில் கான்கார்டு சட்டமன்றக் கட்டடத்தின் பார்வையாளர் மாடத்தில் போய் அமர்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். 1819இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தில் அன்றைய மண்டபங்களிலேயே இன்றும் அவைகள் கூடுகின்றன என்பது எங்கள் மாநிலத்துக்கு ஒரு பெருமை. கொள்கை விவாதத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, மாடத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்ட சில நடைமுறைகளை மட்டும் சொல்கிறேன். இவற்றை அறியாமல் எந்த மதிப்பெண் அட்டையையும் படிக்க முடியாது.

முதலாவதாக, அட்டையில் உள்ள ‘ஆம்’ எதற்கான ஆம் என்று பாருங்கள். எங்கள் அவையில் ஒவ்வொரு மசோதாவும் குழுவில் பொது விசாரணைக்கு வந்தாக வேண்டும்; அதன் பிறகு குழுவின் பரிந்துரையோடு அவைக்கு வரும். ‘நிறைவேற்றத் தக்கது’ என்பது ஒரு பரிந்துரை. ‘சட்டமாக்குவது உசிதமன்று’ என்பது இன்னொன்று. பின்னதன் மீது வாக்கெடுப்பு நடக்கும்போது ‘ஆம்’ என்று பொத்தானை அழுத்துபவர் மசோதாவை வீழ்த்துகிறார். ‘இல்லை’ என்பவர்தான் அதை உயிரோடு வைக்கப் பார்க்கிறார். பதிவேட்டை முதன்முதலாகத் திறக்கும் அனைவரும் இதில் ஒருமுறையாவது தடுமாறுவார்கள், நானும் தடுமாறியிருக்கிறேன். மசோதாவை மேசையில் கிடத்தி வைக்கும், அதாவது முடிவெடுக்காமல் ஒத்திவைக்கும், தீர்மானம் இதைவிடச் சிக்கலானது. அதற்கு ஆதரவாக வாக்களிப்பவர் மசோதாவையே எதிர்ப்பவராகவும் இருக்கலாம். இன்னும் திருத்த அவகாசம் வேண்டும் என்று கருதுபவராகவும் இருக்கலாம். அந்த ஒரு வாக்கைக் கொண்டு அவருடைய கொள்கையைக் கணிப்பது நியாயமாகாது.

இரண்டாவதாக, பெயர்வாரியாகப் பதிவாகும் வாக்கெடுப்புகள் மொத்தத்தில் ஒரு பகுதி மட்டுமே. சர்ச்சையில்லாத மசோதாக்களை இசைவுப் பட்டியலில் சேர்த்து ஒரே வாக்கில் முடித்துவிடுவார்கள். பல தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடியும். யாரேனும் ஓர் உறுப்பினர் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டு, அதற்குப் போதிய ஆதரவும் இருந்தால்தான் பெயர்கள் பதிவாகும். ஆகவே அட்டை எழுதுபவர் தேர்ந்தெடுக்கத் தொடங்குவதற்கு முன்பே, எந்த வாக்குகள் வெளியே தெரிய வேண்டும் என்பதை அவையிலுள்ளவர்கள் ஒருமுறை தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, வராதவர்களைப் பற்றியது. எங்கள் பிரதிநிதிகள் அவையில் 400 பேர் இருக்கிறார்கள். 1889ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இரண்டாண்டுப் பதவிக் காலத்துக்கு அவர்கள் பெறும் ஊதியம் 200 டாலர். பள்ளி ஆசிரியரும் மருத்துவமனைச் செவிலியரும் கடைக்காரரும் வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் கான்கார்டுக்கு வர வேண்டும். வராத வாக்கைச் சில அமைப்புகள் எதிர்வாக்காகவே எண்ணுகின்றன; சில அமைப்புகள் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றன. 2022 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 201, ஜனநாயகக் கட்சிக்கு 198, ஓர் இடத்தில் சமநிலை என்று முடிவு வந்தது. அந்த அவையில் அன்றைக்கு எத்தனை பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள் என்பதே பல மசோதாக்களின் தலைவிதியைத் தீர்மானித்தது. வராமையை மன்னிக்கக் கூடாது என்று சொல்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் அட்டை இந்த இரண்டில் எந்த வழியைப் பின்பற்றியது என்று அதன் அடிக்குறிப்பில் பாருங்கள்.

பதில்: சாசன வாசகர்

முப்பது ஆண்டுகளாகச் சட்டத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சாசனக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இத்தகைய அட்டைகளில் பெரும்பாலானவை, அமெரிக்கக் காங்கிரசுக்காக உருவான ஓர் அளவுகோலை மாநிலச் சட்டமன்றத்துக்கு அப்படியே எடுத்து வந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கூட்டாட்சிச் சாசனத்தில், காங்கிரசின் அதிகாரங்கள் முதல் ஷரத்தின் 8ஆம் பிரிவில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் காங்கிரஸ் செய்தால், ‘இதற்கு உங்களுக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்பது முறையான கேள்வி. மாநிலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. கூட்டாட்சிக்கு வழங்கப்படாததும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாததுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தம் சொல்கிறது. எங்கள் மாநிலச் சாசனத்தின் இரண்டாம் பகுதி, 5ஆம் ஷரத்து, இந்தச் சாசனத்துக்கு முரணாகாத வரையில் நலம் பயக்கும் நியாயமான எல்லா வகைச் சட்டங்களையும் இயற்றும் முழு அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கு அளிக்கிறது. ஆகவே மாநிலச் சட்டமன்றத்தைப் பார்த்து ‘அதிகாரம் எங்கே?’ என்று கேட்பதில் பொருளில்லை, ‘தடை எங்கே?’ என்றுதான் கேட்க வேண்டும். அந்தத் தடையை ஷரத்து எண்ணோடு காட்ட முடியாத அட்டை, தன் கொள்கை விருப்பத்துக்குச் சாசனத்தின் பெயரைச் சூட்டுகிறது என்றே நான் கொள்வேன்.

தடைகள் இல்லாமல் இல்லை. தேடினால் நிறையவே கிடைக்கும். எங்கள் மாநிலச் சாசனத்தில் 1984இல் சேர்த்த 28-ஏ ஷரத்து, ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் புதிய செலவை உண்டாக்கும் பொறுப்பை மாநிலம் சுமத்தினால் அதற்கான பணத்தை மாநிலமே தர வேண்டும் அல்லது உள்ளூர் மக்கள் அவை அதற்கு இசைய வேண்டும் என்கிறது. 2005இல் கீலோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனியார் வளர்ச்சித் திட்டத்துக்காகவும் வீட்டு நிலத்தை அரசு கையகப்படுத்தலாம் என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே எங்கள் மாநில மக்கள் 12-ஏ ஷரத்தைச் சேர்த்து அதற்குக் கதவடைத்தார்கள். 2018இல் தனிப்பட்ட தகவல்களில் அரசு தலையிடாத வாழ்வுரிமை 2-பி ஷரத்தாக வந்தது. இவற்றோடு மோதும் மசோதாவுக்கு ஆதரவளித்த ஒருவருக்குச் சாசன அடிப்படையில் மதிப்பெண் குறைத்தால் நான் மறுக்க மாட்டேன். புகையிலை வரியைச் சில காசு உயர்த்தினார் என்பதற்காக அதே நிரலில் குறைத்தால் மறுப்பேன். அது நல்ல கொள்கையா, கெட்ட கொள்கையா என்பது வேறு. சாசனம் அதைத் தடுக்கவில்லை.

இன்னும் கடினமான இடம் ஒன்று உண்டு. சாசனமும் சிறிய அரசு என்ற கொள்கையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இடம் அது. கிளேர்மான்ட் வழக்குகளில், 1993லும் 1997லும், எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 83ஆம் ஷரத்தைப் படித்துவிட்டு, போதுமான பொதுக் கல்வியைத் தருவதும் அதற்கு நிதி அளிப்பதும் மாநிலத்தின் கடமை என்றது. 2025 ஜூலையிலும், மாநிலம் மாணவருக்குத் தரும் அடிப்படைத் தொகை போதாது என்ற கீழ் நீதிமன்ற முடிவை அது உறுதி செய்தது. இதை ஏற்று நிதியைக் கூட்ட வாக்களித்த உறுப்பினர், நீதிமன்றம் படித்த சாசனத்துக்குக் கட்டுப்படுகிறார். அரசின் செலவையும் பெருக்குகிறார். ‘அறிவை மக்களிடையே பரப்புவது கடமை’ என்ற 1784ஆம் ஆண்டு வாக்கியத்திலிருந்து இவ்வளவு பெரிய கட்டளையை நீதிமன்றம் உருவியெடுத்தது தவறு என்று நேர்மையாகக் கருதி எதிர்த்து வாக்களிப்பவரும் சாசனத்தின் பெயராலேயே வாக்களிக்கிறார். இரண்டு கொள்கைகளையும் ஒரே எண்ணுக்குள் அடைக்கும் அட்டை, இந்த இருவரில் ஒருவரைக் காரணம் சொல்லாமலே குற்றவாளியாக்கிவிடும்.

கூட்டாட்சிச் சாசனத்தின் ஐந்தாம் ஷரத்தின் கீழ்ச் சாசனத் திருத்த மாநாட்டைக் கூட்டுமாறு காங்கிரசுக்கு விண்ணப்பிக்கும் தீர்மானத்தையும் எண்ணிப் பாருங்கள். 34 மாநிலங்கள் விண்ணப்பித்தால் அந்த மாநாடு கூட வேண்டும். கூட்டாட்சி அரசின் அதிகாரத்தைக் குறைக்க இதுவே வழி என்று ‘கன்வென்ஷன் ஆஃப் ஸ்டேட்ஸ்’ இயக்கம் மாநிலம் மாநிலமாக வாக்குக் கேட்கிறது. சாசனத்தையே ஆபத்துக்குள்ளாக்கும் செயல் இது என்று 1958இல் தொடங்கிய ஜான் பர்ச் சொசைட்டி பல்லாண்டுகளாக எதிர்க்கிறது. இருவரும் வரம்புக்குட்பட்ட அரசு வேண்டும் என்பவர்கள். இருவரும் சாசனத்தின் மீது ஆணையிடுபவர்கள். ஒரே தீர்மானத்துக்கு ‘ஆம்’ என்ற உறுப்பினர் ஒருவரிடம் நல்லவர், மற்றவரிடம் பொல்லாதவர்.

பதில்: எண்ணாய்வு

முன்னிருவரும் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. நான் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வழக்கம் பழையது. அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன் என்ற இடதுசார்பு அமைப்பு 1947இல் தொடங்கப்பட்டது முதலே காங்கிரஸ் உறுப்பினர்களை அளந்து வருகிறது. ஆண்டுக்கு 20 வாக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண் தருவது அதன் முறை. வராதவருக்கு அந்த 5 கிடையாது. அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியன் 1971 முதல் மறுபக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்தது; பிறகு 50 மாநிலச் சட்டமன்றங்களுக்கும் விரித்தது.

பன்னிரண்டு வாக்குகள் என்றால் ஒரு வாக்கின் எடை எட்டு விழுக்காட்டுக்கும் மேல். 33 பெற்றவர் இன்னும் இரண்டு வாக்குகளில் ஒத்துப்போயிருந்தால் 50 பெற்றிருப்பார். எந்தப் பன்னிரண்டு என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர் கையில் அந்த எண்ணும் இருக்கிறது.

இதைவிட நுட்பமான ஒரு விளைவை ஜேம்ஸ் ஸ்னைடர் என்ற ஆய்வாளர் 1992இல் விளக்கினார். கட்சிகள் நேருக்கு நேர் மோதிய, அவையை நடுவில் பிளந்த வாக்கெடுப்புகளையே அட்டை எழுதுபவர் தேர்ந்தெடுத்தால், மிதமான கருத்துடையவர்கள்கூட நூற்றுக்கு அருகிலோ சுழியத்துக்கு அருகிலோ ஒதுங்கிவிடுவார்கள். ஓர் ஆசிரியர் வினாத்தாளில் ஒரே கடினத்தன்மை உள்ள கேள்விகளை மட்டும் வைத்தால், வகுப்பில் பாதிப் பேர் முழு மதிப்பெண்ணும் மீதிப் பேர் எதுவுமில்லாமலும் நிற்பார்கள் அல்லவா? எளியதும் கடினமானதும் கலந்த வினாத்தாளில்தான் நடுவில் இருப்பவர்கள் நடுவில் தெரிவார்கள். அட்டையில் 92, 33 என்ற இரு முனைகளைக் கண்டு, உங்கள் பிரதிநிதிகளுக்கிடையே உண்மையிலேயே அவ்வளவு தூரம் இருக்கிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பதிவான எல்லா வாக்கெடுப்புகளையும் எடுத்துக்கொண்டு, யார் யாருடன் சேர்ந்து வாக்களிக்கிறார் என்பதை மட்டும் வைத்து இடம் குறிக்கும் முறையைக் கீத் பூலும் ஹோவர்ட் ரோசென்தாலும் காங்கிரசுக்கு உருவாக்கினார்கள். மாநிலச் சட்டமன்றங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவையைப் போரிஸ் ஷோரும் நோலன் மெக்கார்ட்டியும் செய்தார்கள். அங்கே வாக்குகளைப் பொறுக்கி எடுக்கும் கை இல்லை. ஆனால் அந்த எண், ஒருவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லுமே தவிர, அவர் நிற்பது சரியான இடமா என்று சொல்லாது. உங்கள் கேள்வி சரி தவறு பற்றியது. அதற்கு எந்தக் கணிதமும் விடை தராது. வாக்குகளைத்தான் படித்தாக வேண்டும்.

பதில்: மெரிமாக் கரை

இங்கே எழுதியவர்கள் அனைவரும் அட்டைகளின் குறைகளையே பேசியிருப்பதால், அவற்றின் தேவையைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும். அரசு சிறியதாகவும் வரம்புக்குட்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை; அந்த நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் சாசனத்தின் முதல் பகுதி, 38ஆம் ஷரத்தை நாசுவாவாசி ஐயா ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். சாசனத்தின் அடிப்படைக் கொள்கைகளுக்கு அடிக்கடி திரும்பிச் செல்வது சுதந்திரத்தைக் காக்க இன்றியமையாதது என்று அது தொடங்குகிறது. அதிகாரிகளையும் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்கும்போது மக்கள் அந்தக் கொள்கைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அவற்றைச் சட்டமியற்றுபவர்கள் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்று கோரும் உரிமையையும் மக்களுக்கு அளிக்கிறது. 32ஆம் ஷரத்து, பிரதிநிதிகளுக்கு அறிவுறுத்தல் வழங்கும் உரிமையைத் தருகிறது. நானூறு பேர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மசோதாக்களின் மீது வாக்களிக்கும் அவையில், வேலைக்குப் போய்க் குழந்தைகளை வளர்க்கும் ஒரு குடும்பத்தலைவி இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்? யாரேனும் ஒருவர் அமர்ந்து படித்து, குறித்து, எண்ணித் தர வேண்டும். அட்டை இல்லாவிட்டால் அவர் கையில் எஞ்சுவது கட்சியின் பெயர் மட்டுமே. கட்சிப் பெயரை விடவும் குறையுள்ள அட்டை மேலானது.

‘பொறுக்கி எடுத்துவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் 2003இல் தொடங்கிய நியூ ஹாம்ப்ஷயர் லிபர்ட்டி அலையன்ஸ், எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற தன் பரிந்துரையையும் அதன் காரணத்தையும், வாக்கெடுப்புக்கு முன்பே, அவை கூடும் நாளில் பொன்னிறத் தாளில் உறுப்பினர்களின் கையில் கொடுக்கிறது. ஐடஹோவில், 35 செனட்டர்களும் 70 பிரதிநிதிகளும் உள்ள சட்டமன்றத்துக்கு, ஐடஹோ ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒவ்வொரு மசோதாவையும் ஒரே கேள்வித் தொகுதியால் சோதிக்கிறது: இது புதிய அரசு அமைப்பை உண்டாக்குகிறதா, செலவைக் கூட்டுகிறதா, தனி மனிதர் செய்துகொள்ளக் கூடியதை அரசின் கைக்கு மாற்றுகிறதா என்று கேட்டு, கூட்டல் கழித்தலாகப் புள்ளிகள் இட்டு, முன்கூட்டியே வெளியிடுகிறது. அதன் முடிவுகளை ஏற்காதவர்கள் அங்கே இரு கட்சிகளிலும் உண்டு. ஆனால் வாக்கெடுப்பு முடிந்த பிறகு வசதியானவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

சாசன வாசகர் ஐயா சொன்ன ‘தடை எங்கே?’ என்ற கேள்வியை மதிக்கிறேன். ஆயினும் அதோடு நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குற்றம் நிரூபிக்கப்படாத மனிதரின் காரையும் பணத்தையும் காவல்துறை பறிமுதல் செய்து வைத்துக்கொள்வதை எந்த ஷரத்தும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. 2016இல் எங்கள் சட்டமன்றம், குற்றத் தீர்ப்பு இல்லாமல் பறிமுதல் கூடாது என்று சட்டம் இயற்றியது. மிகையான அபராதத்துக்கு எதிரான எட்டாம் திருத்தம் மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிம்ஸ் வழக்கில் ஒருமனதாகச் சொன்னது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 2019இல்தான். நீதிமன்றம் வரும் வரை காத்திராமல், அரசின் கையைக் கட்ட வாக்களித்த உறுப்பினர்களை ஒரு வாக்காளர் அடையாளம் கண்டு பாராட்ட வேண்டாமா? அதற்கு ‘வரம்புக்குட்பட்ட அரசு’ என்ற அளவுகோல் தனியாகத் தேவை. சாசன நிரல் வேறு, கொள்கை நிரல் வேறு என்று பிரித்துத் தர வேண்டும் என்றால், அதை முழு மனத்துடன் ஏற்கிறேன்.

எங்கள் பக்கத்திலும் நேர்மையான கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஆளுநரின் மறுப்பை மீறி மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம், பிரதிநிதிகள் அவையில் 247–123 என்றும் செனட்டில் 16–8 என்றும் நிறைவேறியது. ஓர் உயிரைப் பறிக்கும் அதிகாரத்தை அரசிடமிருந்து எடுத்துவிடுவதை விடப் பெரிய வரம்பு எது என்று நான் கேட்டேன். நீதியை நிறைவேற்றுவது அரசின் முதற்கடமை, அதைக் குறைப்பது வரம்பாகாது என்று என் நண்பர்கள் சொன்னார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு மாநில நிதியைப் பெற்றோர் கணக்கில் செலுத்தும் திட்டம் 2021இல் வந்து, 2025இல் வருமான வரம்பு நீக்கப்பட்டபோதும் இப்படித்தான். பெற்றோரின் விடுதலை என்று பெரும்பாலோர் கொண்டாடினார்கள். வரிப்பணச் செலவு விரிகிறதே என்று கவலைப்பட்ட ஒருசிலரும் எங்களிடையே இருந்தார்கள். அவர்களை நான் கொள்கை தவறியவர்கள் என்று எண்ணவில்லை.

பதில்: வைகைக்கரை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். இந்த விவாதத்தைப் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. இந்தியாவில் 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால், பதவியையே இழக்க நேரிடும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிவதால் பெயர்களும் பதிவாவதில்லை. ஆகவே பி.ஆர்.எஸ். போன்ற ஆய்வு நிறுவனங்கள் வருகை, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள் ஆகியவற்றைத்தான் உறுப்பினர் வாரியாக எண்ணித் தர முடிகிறது. ஓர் உறுப்பினர் தன் மனச்சான்றுப்படி எப்படி வாக்களித்தார் என்று விவாதிக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள். அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நாசுவாவாசி

பதிலளித்த அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு வார இறுதிகளை இதற்கென்றே ஒதுக்கி, அட்டையிலுள்ள பன்னிரண்டு வாக்கெடுப்புகளையும் சட்டமன்ற இணையதளத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, மசோதாவின் வாசகத்தையும் குழு அறிக்கையையும் படித்தேன்.

பார்வையாளர் மாடம் அம்மா எச்சரித்தபடியே, இரண்டு வாக்கெடுப்புகள் ‘உசிதமன்று’ என்ற தீர்மானத்தின் மீது நடந்தவை. எச்சரிக்கை இல்லாதிருந்தால் தலைகீழாகவே படித்திருப்பேன். ஒரு நாள் அந்த அம்மையார் அவைக்கு வரவில்லை. அது எதிர்வாக்காக எண்ணப்பட்டிருக்கிறது. அதை நீக்கினால் 33 என்பது 36 ஆகிறது, பெரிய மாற்றமில்லை. பன்னிரண்டில் மூன்றுக்கு மட்டுமே சாசன ஷரத்தின் எண் தரப்பட்டிருந்தது. மற்ற ஒன்பதும் வரி, உரிமம், செலவு பற்றியவை. அவற்றில் சாசனத் தடை எதுவும் எனக்குத் தென்படவில்லை. அவற்றில் பலவற்றில் நானும் அந்த அம்மையாரைப் போலவே வாக்களித்திருப்பேன். மெரிமாக் கரை ஐயா வேறு விதமாக வாக்களித்திருப்பார் என்பதும் தெரிகிறது.

ஷரத்து காட்டப்பட்ட மூன்றில் இரண்டில் அவர் அட்டை சொன்னபடியே வாக்களித்திருந்தார். மூன்றாவது 28-ஏ பற்றியது: ஊராட்சிகள் மீது புதிய பொறுப்பு ஒன்றைச் சுமத்தும் மசோதாவுக்கு, அதில் நிதி ஒதுக்கீடு இல்லாத நிலையிலும், அவர் ஆதரவளித்திருந்தார். அட்டை தவறு செய்திருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அதைத் திறந்தேன். குழுவில் சிறுபான்மையினர் எழுதிய அறிக்கையே அந்த ஷரத்தைச் சுட்டிக்காட்டி எதிர்த்திருந்தது.

அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். நிதி வேறொரு மசோதாவில் வரும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், அதை நம்பி வாக்களித்ததாகவும், அந்த மசோதா செனட்டில் நின்றுபோனதாகவும் சொன்னார். ‘அந்த வாக்கைப் பொறுத்தவரையில் அட்டை சொல்வது சரி’ என்றார். 92 பெற்றவருக்கும் எழுதியிருக்கிறேன். சாசனத்தோடு தொடர்பில்லாத ஒன்பது வாக்குகளிலும் அவர் ஏன் அப்படி வாக்களித்தார் என்பதைக் கட்சியின் சொல்லில் அல்லாமல் அவருடைய சொல்லில் கேட்க விரும்புகிறேன். அட்டையை வெளியிட்ட அமைப்புக்கும், ஒன்பது வாக்குகளுக்கு ஷரத்து எண் தாருங்கள், இல்லையேல் அவற்றை வேறு தலைப்பின் கீழ் அச்சிடுங்கள் என்று கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில்கள் வந்ததும் இங்கே இடுகிறேன்.

பார்வையாளர் மாடம்

அந்த 28-ஏ மசோதாவைப் போன்றது இந்தக் கூட்டத்தொடரில் மறுபடியும் தாக்கலாகியிருக்கிறது, ஐயா. பொது விசாரணை அடுத்த செவ்வாய் காலை. உறுப்பினர் அல்லாதவர்களும் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசலாம். மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஷரத்தின் வாசகத்தை அச்சிட்டு, குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொண்டு வாருங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன்.